இங்கிலீஷில் கேள்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், நட்டு போல்ட்டு கம்பெனிகளுக்கு நடுவே, அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நூறு வருஷத்துக்கு மேலாக மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்காரன் கட்டியது என்பதைத் தவிர அதற்குப் பீற்றிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. அந்த ஒன்றைப் புத்தகமாக்கும் வேலை இங்கிலீஷ் டீச்சர் சுமலதாவின் தலையில் விழுந்தது. நன்றாக எழுதினால் தலைமையாசிரியை நாற்காலி அவளுக்கு என்று தாளாளர் ஹரீஷ்குமார் சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கண் வைத்திருந்த நாற்காலி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், இடிக்கப்போகும் பழைய கட்டடத்தைப் படம் எடுக்க வந்தாள். சாவியை நீட்டிய ஆயா சரசம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“கடைசி ரூமாண்ட மட்டும் போவாதீங்க மேடம். உள்ள இருந்து ‘நில்லு, நில்லு’ன்னு ஒரு கொரலு வரும். யாரும் நின்னதில்ல, ஓடியாந்துருவாங்க.”

சுமலதாவுக்குச் சிரிப்புதான் வந்தது. படிக்காத ஜனங்கள், வேறென்ன பேசும் என்று நினைத்துக்கொண்டாள். அவளே பேரிகைப் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவள்தான். அதைப் பற்றிப் பள்ளியில் மூச்சுவிட்டதில்லை. அம்மா போனில் தெலுங்கில் பேசினால்கூட இவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

அந்த அறையைப் பற்றித் தாளாளர் பெருமையாகவே சொல்லியிருந்தார். “அந்தக் காலத்துல வீட்டு பாஷை பேசுன பசங்கள அதுலதான் போட்டுப் பூட்டுவாங்க மேடம். எது வேணும்னாலும் இங்கிலீஷ்ல கேக்கணும், அப்பதான் கதவு தெறக்கும். அந்த டிசிப்ளின் இன்னிக்கு எங்க இருக்கு? அவசியம் எழுதுங்க.”

அறைக்குள் வௌவால் எச்சத்தின் நாற்றம். ஜன்னல் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் கதவின் உட்புறம் நகக்கீறல்கள் தெரிந்தன. எல்லாம் அவள் இடுப்புக்குக் கீழே.

மூலையிலிருந்து குரல் வந்தது. வறண்டு தேய்ந்த ஒரு சிறுமியின் குரல்.

“நீள்ளு.”

தெலுங்குக்காரிக்குத் தெரியாதா? தண்ணீர். அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்கிறது. பூட்டியவர்கள் மறந்து போயிருக்க வேண்டும், பிள்ளை தாகத்திலேயே செத்திருக்க வேண்டும். அது இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காதில் விழுந்தவர்கள் எல்லாம் ‘நில்லு’ என்று நினைத்து ஓடியிருக்கிறார்கள்.

“நீள்ளு...”

சுமலதாவின் கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை. வாய் மட்டும் வகுப்பறைப் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

“ஸ்பீக் இன் இங்கிலீஷ்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

குரல் அடங்கிவிட்டது. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடினாள்.

புத்தகம் பளபளவென்று வந்தது. அதில் அந்த அறைக்கு ‘ஒழுக்கத்தின் தொட்டில்’ என்று பெயர். பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால் நாற்காலி போய்விடுமே. கட்டடத்தை இடித்தார்கள். நாற்காலி கிடைத்தது, சால்வை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள். வெட்கங்கெட்ட பள்ளிக்கு ஏற்ற தலைமையாசிரியை.

புது அறையில் முதல் நாள் காலை, அவள் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள்.

“மே ஐ கம் இன், மிஸ்?”

சுத்தமான உச்சரிப்பு. சுமலதா தலை நிமிராமலே, எந்த டீச்சரும் சொல்வதைச் சொன்னாள்.

“யெஸ், கம் இன்.”

கதவு திறக்கவில்லை.

மேஜையில் மூடி வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அடிவரை வற்றியது.

“இட் இஸ் நாட் இனஃப், மிஸ்,” என்றது குரல், அவள் காதருகே, மிகுந்த பணிவோடு.

போதவில்லையாம்.

கத்துவதற்காகச் சுமலதா வாயைத் திறந்தாள். நாக்கில் எச்சில் இல்லை.