பலகைக்கு அடியில் ஐவின்

போன் அலறியது.

ரொட்டி மேல் பழுப்புச் சீஸை வைத்துக் கொண்டிருந்த ஹல்வார் ஒரு கையால் எடுத்தார்.

"ஹல்வார், தூரிட் பேசறேன். ஹெஸ்தால் மரக் கோவில்ல இருக்கேன்."

தூரிட்... மரபுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவருடைய நாற்காலிக்கு வந்திருப்பவள்.

"என்னம்மா காலையிலேயே?"

"தீயணைப்புக் குழாய் போடறதுக்குத் தரைப் பலகையைத் தூக்கினோம்..."

கத்தி கையிலேயே நின்றது.

"யாரைக் கேட்டுத் தூக்கினே?"

"இப்ப என்னைத்தானே கேட்கணும்? அதை விடுங்க. அடியில ஒரு எலும்புக்கூடு. மண்டை உடைஞ்சிருக்கு. போலீஸும் வந்தாச்சு. நீங்க உடனே..."

லைன் செத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் அவ்வளவுதான்.

ஹல்வார் கத்தியைக் கீழே வைத்தார்.

எலும்புக்கூட்டின் பெயர் அவருக்குத் தெரியும்.

ஐவின்!

டாக்டர் பட்டம், பதவி, அரசர் கையால் பதக்கம்... எல்லாமே அந்தப் பழைய கிறிஸ்தவக் கோவிலின் வாசற்கதவு போட்ட பிச்சை. கதவுச் செதுக்கல் எழுநூறு வருடப் பழசு என்று எழுதித்தான் ஹல்வார் பெரிய ஆளானார்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு கோடை. சுவர்களுக்குத் தார் பூசிக் கொண்டிருந்தார்கள். கூடப் படித்த ஐவின் சிரித்துக் கொண்டே வந்தான்.

"அந்தக் கதவு மரத்தை வெட்டியே இருநூறு வருஷம்தான்டா ஆச்சு. மரத்துல இருக்கற வயசு வளையத்தை எண்ணி ஒப்பிட்டுட்டேன். திங்கக்கிழமை பேப்பர்ல பாரு."

ஐவினுக்குத் திங்கட்கிழமை வரவில்லை.

தார் கிண்டும் கட்டையால் ஒரே அடி. ரிப்பேருக்காகத் தரை திறந்து கிடந்தது, வசதியாக. அவனுடைய படகை, மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டுக் கடலில் அவிழ்த்து விட்டார். மூழ்கிப் போனான் என்று ஊரே அழுதது. ஹல்வாரும் அழுதார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே உத்தியோகம்... பலகையைக் காப்பது!

ஹீட்டர் கேட்டார்கள். முடியாது. மின்கம்பி கேட்டார்கள். முடியாது. 'புராதனத் தரை, தொடக் கூடாது' என்று எழுதியே காலத்தை ஓட்டினார். நாடே அவரைக் கண்டிப்பான அதிகாரி என்றது. ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கினாரா என்றால், இல்லை.

ஓய்வு வயது வந்தது. நாற்காலி போனது. இப்போது பலகையும் போனது.

கோவில் வாசலில் மழை. போலீஸ் வண்டி. உள்ளே ஈரத் தார்ப்பாயால் எதையோ மூடியிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்கவே ஹல்வாருக்குத் தைரியம் இல்லை.

இன்ஸ்பெக்டர் குன்லைக், குளிர்காலம் தவறாமல் அவரோடு பனிச்சறுக்குப் போகிறவர், பிளாஸ்க்கைத் திறந்தார்.

"காபி குடி. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"வயசாச்சு."

"சரி, இந்தக் கோவில்ல உன் கையெழுத்து இல்லாம ஒரு ஆணி ஏறாது. பலகைக்கு அடியில இருக்கறது யாருன்னு நீதான் சொல்லணும்."

ஹல்வார் நண்பரின் கண்ணைப் பார்த்தார்.

எல்லாம் தெரிந்து கொண்டுதான் கேட்கிறான்... ஓடலாமா? எங்கே? இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் தண்ணீர்.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"எது?"

"நடிக்காதே குன்லைக். அடிச்சது நான்தான்."

காபிக் குவளை பாதி வழியில் நின்றது.

"யாரை?"

"ஐவினை. தார்க் கட்டையால. படகை அவிழ்த்து விட்டதும் நான்தான்."

கதவு, வளையம், திங்கட்கிழமை... மிச்சம் வைக்காமல் கொட்டினார்.

மண் கையோடு தூரிட் ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா ஹல்வார்? போன் கட்டாயிடுச்சு. இது பொம்பளை எலும்பு. பக்கத்துல எலும்புச் சீப்பு கிடைச்சிருக்கு. எழுநூறு வருஷமாவது இருக்கும். கல்லு அழுத்தி மண்டை உடைஞ்சிருக்கு."

ஹல்வார் முதல் முறையாகத் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... போலீஸ்?"

"எந்த எலும்பு கிடைச்சாலும் சொல்லணுமே, நீங்க கத்துக் கொடுத்ததுதானே? அந்தக் காலத்துப் புதைகுழின்னா சட்டப்படி கை வைக்க முடியாது. குழாய் வேலையை நிறுத்திட்டேன். பலகையைப் போட்டு மூடறோம். இனி எந்தக் காலத்துலயும் யாரும் திறக்கப் போறதில்லை. சந்தோஷம்தானே?"

இத்தனை வருடம் அவர் கேட்ட வரம்... வாயைத் திறந்த பிறகு கிடைத்தது!

"மூடாதே தூரிட்," என்றார் குன்லைக். "பக்கத்துல ஐவின் இருக்கான்."

அவள் ஹல்வாரைப் பார்த்தாள். ஹல்வார் தரையைப் பார்த்தார். அழக்கூட வரவில்லை.

குன்லைக் விலங்கை மாட்டினார்.

"கதவுக்கு வயசைக் கூட்டிச் சொன்னே, எலும்புக்குக் குறைச்சுச் சொன்னே... ஏறு வண்டியில. உனக்கு எத்தனை வருஷம்னு ஜட்ஜாவது சரியாச் சொல்றாரா பார்ப்போம்."