காலி வண்டியின் எடை

கலிபோர்னியாவின் பிளசன்டன் ஊரில் மற்ற அப்பாக்கள் சனிக்கிழமையானால் புல் வெட்டுவார்கள். ஓவியாவின் அப்பா நஞ்சுண்டன் மட்டும் தன் பழைய ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் குரல் மட்டும்தான் வெளியே வரும்.

இரண்டாயிரமாவது ஆண்டு அக்டோபர் கடைசியில், ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் புதிய காயில்ஓவர் வாங்கிப் பூட்டினார். தடித்த ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங், அதுதான் காயில்ஓவர். குண்டும் குழியுமான பாதையில் வண்டி நம்மைத் தூக்கிப் போடாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் வண்டியின் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்பா கணக்கில் புலி. இருந்தும் குடும்பத்தோடு கூடாரமடிக்கக் கிளம்பிய முதல் பயணத்திலேயே ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டம்’மென்று இடித்தது. அம்மா சாந்திக்கு இரண்டு நாள் முதுகுவலி.

“தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் பாலைவனம் போயிட்டு வாங்க. நான் வரலைங்க” என்றார் அம்மா.

“பாதிச் சாமானை வீட்லயே வெச்சுட்டா இடிக்காது, சாந்தி.”

அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். இட்லிப் பானை, மாவுத் தூக்கு, அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன், போர்வைகள் என்று அவர் சுமந்து வருவதெல்லாம் இவர்களுக்காகத்தானே? அம்மா இல்லாத கூடாரத்தை ஓவியாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

காயில்ஓவர் விற்ற கடைக்காரர் ஸ்பிரிங்கை மாற்றித் தருவாராம். இருப்பதிலேயே இறுக்கமானதைக் கேட்கப் போவதாக அப்பா சொன்னார்.

ஓவியா யோசித்தாள். ஸ்பிரிங் வாங்குவதற்காக ஜீப்பை எடை போட்டது ஆயுத பூஜை அன்று. அப்பா வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் காலி செய்திருந்தார். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அதே அலங்காரத்தோடு லாரி எடைமேடைக்கு ஓட்டிப் போனார். அங்கே ஓவியாவையும் இறங்கச் சொல்லி, தானும் இறங்கி நின்றுகொண்டார்.

“அப்பா, அன்னிக்கு ஜீப் காலியா இருந்துச்சே. நாம எப்பவாச்சும் காலியா கேம்ப் போயிருக்கோமா?”

அப்பா எடைமேடையில் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் காலி வண்டியின் எடைதான் இருந்தது.

ஓவியா குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினை எடுத்துவந்தாள். வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் கேட்டாள். மாவுத் தூக்கில் மாவுக்குப் பதில் தண்ணீர் நிரப்பினார்கள். ஒவ்வொன்றாக எடை போட்டுக் குறித்தாள். அப்பா ஏறினார், அவளும் ஏறினாள். அம்மா மட்டும் மாட்டேன் என்றார். தன் எடை அப்பாவுக்குத் தெரியக்கூடாதாம்.

“கூட்டின நம்பரை மட்டும்தான் காட்டுவேன், அம்மா. ப்ராமிஸ்.”

அப்பாவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அம்மா ஏறினார்; இறங்கியதும் சமையலறைக்குப் போய்விட்டார். மொத்தம் ஐநூற்றுத் தொண்ணூறு பவுண்டு.

அதை மட்டும் வேறு தாளில் எழுதி ஓவியா நீட்ட, அப்பா வாங்கிப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார்.

“தப்பு என் மேலதான், சாந்தி. உன் சாமான் மேல இல்ல. வண்டியை மட்டும் எடை போட்டேன், நம்மளை விட்டுட்டேன்.”

“இப்பவாச்சும் தெரிஞ்சுதே” என்றார் அம்மா. குரலில் பழைய கோபம் இல்லை.

எடையைக் கேட்ட கடைக்காரர், இருப்பதிலேயே இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் வண்டி குதிக்கும் என்று சொல்லிவிட்டார். பின்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கமானது போதுமாம்.

தேங்க்ஸ்கிவிங் மறுநாள், முழுச் சாமானோடு மூவரும் கிளம்பினார்கள். பாலைவனப் பாதையின் பள்ளங்களில் ஜீப் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. பெருமை தாங்காமல் அப்பா, எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க வாயெடுத்தார்.

ஓவியா பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.