பார்க்க இலவசம், படமெடுக்க ஐநூறு

கேமராவின் அடிமூடியைத் திறந்தான் ஆனந்த். மெமரி கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

காலை ஆறே முக்கால். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் சாலையில், வியூ பாயின்ட் டீக்கடை. குளிரிலிருந்து அவனோடு உள்ளே வந்த எஸ்.ஐ. சண்முகப்பிரியா, ஆவி படிந்து மூடிக்கொண்ட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பின்னாலேயே கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்த ஞானவேல், எதிரே உள்ள டிக்கெட் பூத்தின் சர்வாதிகாரி.

நேற்றுச் சாயங்காலம் இங்கேதான் ஆனந்த் மாட்டினான். பூம்பாறையில் சௌம்யா கல்யாணத்தை எடுத்து முடித்து, ஜோடியை மேகத்துக்கு முன்னால் நிறுத்தியபோது, ஞானவேல் வந்து போர்டைக் காட்டினான். 'பார்க்க இலவசம். படமெடுக்க ரூ.500.' எந்த ஆபீஸ் பெயரும் அதில் இல்லை. ஆனந்த் அந்தப் போர்டையும் ஞானவேலையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அன்று அவன் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அடுத்த நொடி, "அனுமதி இல்லாம எடுத்தா பறிமுதல்" என்று கேமரா போய்விட்டது.

தாலி கட்டியது முழுக்க அந்தக் கார்டில்தான். மாப்பிள்ளை நாளை மஸ்கட் கிளம்புகிறார். திரும்ப ரெண்டு வருஷம் ஆகும். அதுவரை சௌம்யாவுக்குப் புருஷன் என்றால் அந்தப் படங்கள்தான்.

"கேமரா ராத்திரி எங்க இருந்துச்சு?" என்று ஞானவேலைக் கேட்டார் எஸ்.ஐ.

"பூத்துல, இரும்புப் பெட்டிக்குள்ளங்க மேடம். சாவி என் இடுப்புல. இப்பத்தான் தெறந்து நேரா கொண்டாந்தேன்."

"வீட்டுக்குக் கொண்டு போகல?"

"கொண்டு போயி எம் பொண்டாட்டியவா படம் எடுக்கப் போறேன்? இவன் கார்டை முன்னாடியே உருவிட்டு எம்மேல பழி போடுறான்."

"நீதானய்யா பிடுங்குன!"

"ஏலே, மரியாதையாப் பேசு."

"போர்டு எங்க?" என்றார் எஸ்.ஐ.

"எந்தப் போர்டுங்க?"

"பூத் சுவத்துல ரெண்டு ஆணி மட்டும் இருக்கு."

"அது காலண்டர் மாட்டுறதுக்கு."

"வெளிச்சுவத்துலயா?"

ஞானவேல் குல்லாயைச் சரி செய்துகொண்டான். டீ வந்தது. ஆவியில் எஸ்.ஐ.யின் கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது, மறுபடி துடைத்தார். மேஜையில் கேமரா லென்ஸுக்குள் பாய்லர் மேல் தொங்கிய பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ராத்திரி குளிர் எப்படிண்ணே?" என்று டீ மாஸ்டரைக் கேட்டார்.

"தேங்காயெண்ணெய் கல்லாட்டம் கெடக்குங்க," என்றார் அவர்.

எஸ்.ஐ. ஆனந்த் பக்கம் திரும்பினார். "நீங்கதான போட்டோகிராபர்? விறைச்சுப்போன கேமராவை டீக்கடைக்குள்ள கொண்டு வந்தா என்ன ஆகும்?"

ஆனந்துக்குத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. "லென்ஸ் மூடிக்கும் மேடம். ரொம்ப நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது."

"அஞ்சு நிமிஷம் வெளிய நின்ன என் கண்ணாடியே மூடிருச்சு. ராத்திரி பூரா இரும்புப் பெட்டியில கெடந்தது, வந்ததும் பளபளன்னு முழிக்குது. இது கதகதப்பா எங்கயோ தூங்கிட்டு வந்திருக்கு. வீட்டு அடுப்படி பக்கமா, ஞானவேல்?"

ஞானவேலின் கை, அவனைக் கேட்காமலே ஸ்வெட்டர் பைக்குப் போனது. கார்டு வெளியே வந்தது.

"போர்டுப் படத்தை மட்டும் அழிக்கத்தான் பாத்தேங்க. எந்த பட்டனைத் தொட்டாலும் இங்கிலீஷ்ல கேள்வி கேக்குது."

ஆனந்த் கையை நீட்டினான். எஸ்.ஐ. கார்டைக் கவரில் போட்டு ஒட்டினார்.

"மேடம், கல்யாணப் படம்..."

"போர்டுப் படமும் இதுலதான இருக்கு? இப்ப இது சாட்சி. கோர்ட்டுக்குப் போகணும். மனு போடுங்க, நகலுக்குப் பணம் கட்டுங்க, தருவாங்க."

"இங்கேயே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கவா?"

"அதுக்கும் அனுமதி வாங்கணும்."

ஆனந்தின் போன் அடித்தது. சௌம்யா. அவன் எடுக்கவில்லை.

"பாக்குறது இலவசம்னு போட்டிருந்துச்சே மேடம்."

சண்முகப்பிரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை அதில் ஆவியே இல்லை.