தாழிக்குள் ஒரு ஸ்க்ரூ

“மேடம்... பொணத்தக் காணோம்!”

போனில் அலறிய குரலைக் கேட்டு, இன்ஸ்பெக்டர் சந்திரம்மாளின் டீ கிளாஸ் உதட்டருகே அப்படியே நின்றது.

“யாரோட பொணம்?”

“பேர் தெரியாது மேடம்!”

“செத்து எவ்ளோ நாளாச்சி?”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்!”

சந்திரம்மாள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

“காலங்காத்தாலயே ஊத்திகினியா?”

“ஐயோ... நான் சேரப்பணஞ்சேரி மியூசியத்துலேருந்து இளம்பரிதி பேசறேன் மேடம்! தாழிக்குள்ள இருந்த எலும்புங்க மொத்தமும் திருடு போயிட்ச்சி...!”

ஜீப் பறந்தது. பறந்தது என்றால், கன்டெய்னர் லாரிகள் விட்ட வழியில் பறந்தது.

மியூசியம் என்று பெயர்தான் பெரிது. பழைய பால் சொசைட்டி கட்டடம்; ஒரே ஹால். நடுவே கண்ணாடிப் பெட்டி. அதற்குள், கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்ட முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த இடுப்புயரப் பானை.

இப்போது பானை மட்டும் இருந்தது. ஆளைக் காணோம்!

இளம்பரிதி வாசலிலேயே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். ஓய்ந்த நேரத்தில் ஊர் வரலாறு. இந்த மியூசியத்தைத் தொடங்கியவனும் அவனே.

“இன்னிக்கு டிரஸ்ட்லேருந்து வர்றாங்க மேடம். பாலாற்றங்கரை மரபு அறக்கட்டளை. கிராமத்து மியூசியம், பழைய ஓலைச்சுவடி வெச்சிருக்கறவங்க, எல்லாருக்கும் அவங்கதான் உதவி பண்றாங்க. எங்களுக்குப் புதுசா கட்டடமே கட்டித் தர்றதாச் சொன்னாங்க. டெஸ்ட் பண்ண வர்றோம்னு நேத்துதான் போன் வந்துச்சி. நீங்க ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடுத்தீங்கன்னா...”

“பூட்டு ஒடையல. சாவி யாராண்ட கீது?”

“என்கிட்ட ஒண்ணு...” இளம்பரிதி தலையைக் குனிந்தான். “வாட்ச்மேன் தளவாய்கிட்ட ஒண்ணு.”

தளவாய் சுவரோரம் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. வாடகை கட்டுப்படியாகாமல், காவல் பார்க்கிறேன் என்று மியூசியத்துப் பின்னறையில் தங்கியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தாழிக்குள் தலையை விட்டிருந்த கான்ஸ்டபிள் பாண்டுரங்கன் கத்தினார்.

“மேடம்! அடியில ஒரு ஸ்க்ரூ!”

சின்ன வெள்ளி நிற ஸ்க்ரூ. பாண்டுரங்கன் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தூக்கிக் காட்டினார்.

சந்திரம்மாள் தளவாயின் பக்கம் திரும்பினாள். “இன்னா வேல பாக்கறடா நீ?”

“அசெம்ப்ளி லைன்மா...”

“நாள் பூரா ஸ்க்ரூ முடுக்கறவன்! குனிஞ்சி எலும்ப அள்ளிகினு இருக்கச்சொல்ல சட்டப் பாக்கெட்லேருந்து வுயுந்துட்ச்சி. அதானே?”

“நான் தொடவே இல்லம்மா! எலும்ப வச்சி நான் என்ன செய்யப் போறேன்?”

பளார்!

சந்திரம்மாளின் கை முந்திக்கொண்டது. எப்போதும் அதுதான் முந்தும். மூளை பின்னால் நடந்து வரும்.

இளம்பரிதி சுவரைப் பார்த்தான். வாய் திறந்து மூடியது.

“இவன ஜீப்ல ஏத்து.”

“அம்மா... போலீஸ் கேசுன்னா கம்பெனியில நாளைக்கே கேட்ட சாத்திருவாவ. இந்த வேலைய நம்பித்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கு...” கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தளவாய் அழுதான். “நெசமாச் சொல்லுதேன்மா. ஷிப்ட் முடிஞ்சி வெளிய வரும்போது மெட்டல் டிடெக்டர் வச்சித் தடவித்தான் விடுவாவ. எங்க கம்பெனியிலேருந்து ஒரு ஆணி வெளிய வராது!”

சந்திரம்மாள் நின்றாள்.

“பாண்டுரங்கா... அந்தக் கவரைக் குடு.”

உள்ளங்கையில் கொட்டினாள். தட்டையான தலை. நடுவில் ஆறு மூலைப் பள்ளம். நுனி வரை நெருக்கமான மரை.

அவளுடைய இன்னொரு கை, தானாகவே இடது முழங்காலுக்குக் கீழே போனது.

ஒரகடம் ஜங்ஷனில் லாரி இடித்து உடைந்த கால் அது. பிளேட் வைத்துச் சேர்த்தார்கள். பிறகு பிளேட்டை எடுத்தபோது, டாக்டர் ஞாபகார்த்தமாகக் கொடுத்த ஸ்க்ரூக்கள் இன்னும் பீரோவில் குங்குமச் சிமிழுக்குள் இருக்கின்றன. இதே தலை... இதே பள்ளம்...!

“இளம்பரிதி!”

“மே... மேடம்?”

“பானைக்குள்ள இருந்தவரு எந்தக் காலம்னு சொன்ன?”

“ரெண்டாயிரத்து ஐந்நூ...”

“அவருக்கு எலும்பு ஆபரேஷன் பண்ணது எந்த ஆஸ்பத்திரி?”

இளம்பரிதியின் முகத்தில் ரத்தம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், கடைசியில் சோற்றிலேயே முகத்தை மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“வேன்ல... பின் சீட்டுக்கு அடியில...”

பாண்டுரங்கன் ஓடிப்போய் அரிசிச் சாக்கைத் தூக்கி வந்தார். அவிழ்த்தார். கணுக்கால் பக்கத்து எலும்பில் பளபளவென்று ஒரு பிளேட். ஒரு ஓட்டையில் மட்டும் ஸ்க்ரூ இல்லை!

“யாருடா இது?”

“தெரியாது மேடம். ரோடு அகலப்படுத்தறப்ப சுடுகாட்டு ஓரத்த ஜேசிபி தோண்டிட்ச்சி. வெளிய கெடந்துச்சி. பிளேட்டு தெரியாம அடியில திருப்பி வெச்சேன்.”

“ஏன்டா?”

“தாழி காலியாத்தான் கெடச்சிது மேடம். பாக்க வந்தவங்க சிரிச்சாங்க. ‘எங்க வூட்லயும் பானை கீதுப்பா’ன்னு செல்ஃபி எடுத்துகினு போயிட்டாங்க. எனக்கு மானமே போச்சி.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “எலும்பு வெச்சப்புறம் கூட்டம் வந்துச்சி. இப்ப டெஸ்ட்டுன்னதும் பயந்துட்டேன்...”

“அந்தப் பையன நான் அடிச்சேனே. பாத்துகினு நின்னியே!”

இளம்பரிதி தளவாயின் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தான். உடனே கண்ணை மூடிக்கொண்டான். அது சந்திரம்மாளின் விரல் தடம். அவளாலும் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு கன்னத்தின் முன்னால் இரண்டு பேர் கூசி நின்றார்கள்.

“தளவாய்... டீ சாப்பிடறியா?” மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்க்கு அதுதான் வந்தது.

“வேண்டாம்மா. ஷிப்டுக்கு நேரமாயிட்டு.”

போய்விட்டான். திரும்பியே பார்க்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. அறக்கட்டளை அதிகாரி ஷெர்லின் இறங்கினாள். நடந்ததைச் சந்திரம்மாள் சொல்லச் சொல்ல, ஷெர்லினின் புருவம் உயர்ந்துகொண்டே போனது.

“எலும்பா? எலும்ப யாரு கேட்டா?”

இளம்பரிதி நிமிர்ந்தான்.

“டெஸ்ட்டுன்னு சொன்னீங்களே மேடம்...”

“நீங்க முதல்முதல்ல ஒரு போட்டோ அனுப்பினீங்களே, காலித் தாழி... அதப் பாத்துதான் கட்டடமே தர்றதா முடிவு பண்ணோம்! அடியில கருப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சே. அந்தக் காலத்துத் தானியம்னு எங்க நிபுணர் துள்ளிக் குதிச்சாரு. அத டெஸ்ட் பண்ணத்தான் வந்திருக்கேன்.”

ஷெர்லின் தாழிக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே பளிச்சென்று இருந்தது.

“இளம்பரிதி... அந்தக் கருப்பு எங்க?”

இளம்பரிதி தாழியை எட்டிப் பார்த்தான்.

“எலும்பு... எடுப்பாத் தெரியட்டுமேன்னு...” இளம்பரிதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். “சோப்புத்தூள் போட்டு... தேங்கா நார் வெச்சி... நல்லா தேச்சிக் கழுவிட்டேன் மேடம்!”

ஷெர்லின் டார்ச்சை அணைத்தாள். காரில் போய் உட்கார்ந்தாள். புதுக் கட்டடமும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

சந்திரம்மாள் பெருமூச்சு விட்டாள்.

“எலும்ப எடுத்ததுக்கு செக்ஷன் கீது. பொய்ப் புகாருக்கும் கீது. பானை கழுவினதுக்கு எந்த செக்ஷன்ல கேஸ் போடறது, பாண்டுரங்கா?”

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார்.

“தெரியல மேடம். எங்க வூட்ல கழுவலன்னாதான் கேஸு!”