நண்டு விளையாட்டில் ஒரு பக்

நானும் சிந்துஜாவும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்தோம். கடற்கரையில் நண்டு ஓடும், நாய் துரத்தும். நண்டு வளைக்குள் புகுந்துவிட்டால் வெற்றி. நண்டை வரைந்தவள் சிந்துஜா. கோடிங் எழுதியவள் ஏழாம் வகுப்பு அரீபா, அதாவது நான்.

கோடிங்கில் வரும் தப்புக்கு ‘பக்’ என்று பெயர். பக் என்றால் பூச்சி. “ஒரு பக்கைக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சும்மா” என்று சொன்னேன். அம்மா உடனே என் தலையணையை வெயிலில் போடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் ஒரு பெரிய தப்பை நானே வேண்டுமென்று எழுதி வைத்தேன்.

தோற்றவர்களுக்குத் திரையில் ஒரு வரி வர வேண்டும். ‘தூங்குமூஞ்சி சிந்துஜாகூட உன்னைவிட வேகம்!’ என்று எழுதினேன்.

சிந்துஜா வகுப்பில் தூங்கிவிடுவாள். பிள்ளைச்சாவடியில் அவள் அம்மா மீன் விற்கிறார். கூடை தூக்கிவிட இவள் விடியுமுன்னே எழுந்துவிடுவாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் எழுதினேன். அவள் தோற்கவே மாட்டாள், அதனால் பார்க்கவும் மாட்டாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பள்ளிக் கண்காட்சியில் முதல் ஆளாக சிந்துஜா விளையாடினாள். தோற்றால்தான் அடுத்தவர் முறை. அவள் தோற்கவே இல்லை.

“அக்கா, நானு...” என்று ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் சிணுங்கினான்.

“இந்தா, நீ ஆடு” என்று சிரித்த சிந்துஜா, வேண்டுமென்றே நண்டை நாயிடம் மாட்டிவிட்டாள்.

அந்த வரி வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சிந்து, சும்மா விளையாட்டுக்குத்தான்...”

“ஏன் தூங்குறேன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வரியை உடனே அழித்தேன். ஆனால் மறுநாள் வகுப்பே அவளைத் ‘தூங்குமூஞ்சி’ என்றது. பிள்ளைகள் வாயில் இருப்பதை அழிக்கக் கீபோர்டில் பட்டன் இல்லையே! “மன்னிச்சிடு சிந்து” என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்புறம் அதே இடத்தில் வேறு வரி எழுதினேன்: ‘கவலைப்படாதே! அரீபா நிஜ நண்டைப் பார்த்து அலறிப் படகுமேல் ஏறியவள்!’

போன வருஷம் சிந்துஜா வீட்டுக்குப் போனபோது நடந்தது அது. அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“ரொம்பப் பெரிய நண்டா?” என்று கேட்டான், கம்ப்யூட்டர் அறையில் விளையாடித் தோற்ற என் வகுப்பு அறிவுமதி.

“இல்லடா. கட்டைவிரல் அளவுதான்.”

அன்றிலிருந்து நான் ‘நண்டு அரீபா’. தூங்குமூஞ்சியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வெட்கமாக இருந்தது. சிந்துஜாவுக்கு இதைவிட எவ்வளவு வலித்திருக்கும்!

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் அறைக்கு சிந்துஜா வந்தாள். திரையைப் படித்தாள். சிரிக்கவில்லை.

“இதுல ஒரு பக் இருக்கு.”

“எங்க?”

“நீ படகு மேல ஏறல. எங்க அம்மா முதுகுல ஏறுன.”

“திருத்திடுறேன்” என்றேன், தலையைக் குனிந்தபடி.

“தள்ளி உட்காரு” என்று என் நாற்காலியிலேயே பாதி இடம் பிடித்து, அவளே திருத்தினாள்.