பெட்டியில் மிச்சமிருந்த நாற்பது டின்கள்

சனிக்கிழமை, காலை 10.10.

ஸஃபி துறைமுகத்து மத்திமீன் தொழிற்சாலைக்குள் இன்ஸ்பெக்டர் வஃபா நுழைந்தபோது, மேலாளர் பூஷைப் ஒரு பெண்ணை நோக்கி விரலை நீட்டியபடி நின்றார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நாக்குக் குழறியது. முந்தின நாள் மதியம் இந்தத் தொழிற்சாலை டின்னைத் திறந்து தின்றவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

"இவதான் விஷம் வச்சா. போன மாசம் திட்டினதுக்குப் பழி தீர்த்துக்கிட்டா. கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பெண் இட்டோ, டின்களை வேகவைப்பவள். மூன்று பிள்ளைகளின் தாய். மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை.

மேலாளர் வீட்டிலிருந்து எடுத்துவந்த மிச்ச டின்னில் ஒரு முள்ளை எடுத்து வஃபா விரலால் அழுத்திப் பார்த்தாள். குத்தியது.

10.40.

காவலாளியோடு சேர்த்துத் தொழிலாளர்கள் இருபது பேர். ஒவ்வொருவராக விசாரித்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை; அதையும் ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். வாசலருகே ஒரு பெட்டி இருந்தது. வெள்ளிதோறும் மேலாளர் உட்பட ஆளுக்கு இரண்டு டின் வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம் என்றான் காவலாளி. நேற்று வைத்த பெட்டி அது. எண்ணினாள். நாற்பது.

"எப்பவும் இவ்வளவு மிஞ்சுமா?"

"மிஞ்சுறதா? பெட்டியத் திறக்கிறதுக்குள்ள என் விரலையும் சேத்து எடுத்துட்டுப் போவாங்க, மேடம்."

11.20.

டின்களை வேகவைக்கும் கொதிகலன்களுக்கு அருகில் எல்லோரையும் கூட்டினாள். கிடங்கை ஏற்கெனவே பூட்டிச் சீல் வைத்தாயிற்று.

"நல்லா வெந்த மத்தியில முள் மாவாயிடும், மிஸ்டர் பூஷைப். இதுல முள் முள்ளாவே இருக்கு. அரைவேக்காடு. சாகாத கிருமியால விஷம் தானா ஊறுச்சு, யாரும் வைக்கல."

கொதிகலனின் சூடுமானி சரியாகத்தானே காட்டியது என்றார் அவர்.

"மானி பொய் சொல்லிச்சு. அது இருபது பேருக்கும் தெரியும். அதான் நாற்பது டின்னையும் யாரும் தொடல. போனது ரெண்டே ரெண்டு, உங்களோடது. இங்க விஷயம் தெரியாத ஒரே ஆள் நீங்கதான்."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

இட்டோ முதன்முறையாக வாய் திறந்தாள். "போன மாசம் சொன்னேனே. 'நீ என்ன இன்ஜினீயரா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. நான் சொன்னது நிஜம்னு சொன்ன கன்ஸா, எங்ககூட வேலை செஞ்சவ, மறுநாள் வேலை போய் கேட்டுக்கு வெளிய நின்னா. நேத்து நீங்க டின்ன எடுத்தப்போ வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அது என் தப்பு."

"அந்தத் தப்பு இவங்க எல்லாருக்கும் உண்டு" என்றாள் வஃபா. "ஆனா குற்றவாளி நீங்க, மிஸ்டர் பூஷைப். இவங்க வாயை நீங்க அடைச்சீங்க. அது உங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துடுச்சு."

தன்னிடம் சொல்லாதது வேறு ஏதாவது இருக்கிறதா என்று பூஷைப் தணிந்த குரலில் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ரெண்டாவது கொதிகலன்ல ஆவி வெளியேறுற வால்வு ஒன்பது நாளா இறுகிக் கிடக்கு. இப்பவும் கீழ நெருப்பு எரிஞ்சிட்டுத்தான் இருக்கு, எப்ப வேணா வெடிக்கும்."

"யார்டா அது..." என்று தொடங்கிய பூஷைப் சட்டென வாயை மூடிக்கொண்டு, நெருப்பை அணைக்க ஓடினார்.