வெயில் படாத ஈஸ்ட்

“1990 டிசம்பர் 22, சனி. ஈஸ்ட் தட்டுகளை முழு நேரமும் வெயிலில் வைக்கவில்லை. பனி இறங்கியதும் மூடிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.”

எழுதியதை ஜெயகுமாரி இரண்டு முறை படித்தாள். அழித்துவிடலாமா என்று யோசித்தாள். அழிக்கவில்லை.

ஏற்காட்டு எஸ்டேட் பிள்ளைகள் பனி இறங்குவதைப் பார்த்தால் களத்துக்கு ஓடுவார்கள். காயும் காப்பிக்கொட்டை நனைந்துவிடக் கூடாதே! அன்றும் அவள் அப்படித்தான் ஓடினாள். காப்பியோடு சேர்த்து, பக்கத்தில் இருந்த தட்டுகளையும் தார்ப்பாயால் மூடிவிட்டாள்.

சாந்தாமேரி அக்கா பெங்களூரில் ஈஸ்ட் பற்றி ஆராய்ச்சி செய்பவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த இடத்தில், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார். ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர். கடும் வெயில் அதன் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். கெட்டதைச் சரிசெய்ய அதனிடம் ஒரு மரபணு உண்டு. அந்த மரபணு இல்லாத ஈஸ்டும் அக்காவிடம் இருந்தது. இரண்டையும் வெயிலில் வைத்தால் ஒன்று பிழைக்கும், மற்றது செத்துவிடும் என்றார். தட்டுகளைக் களத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஜெயகுமாரியிடம் கொடுத்திருந்தார்.

ஜெயகுமாரிக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம்கூட ருசிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வகுப்பில் பார்த்தால், இரண்டு தட்டிலும் ஈஸ்ட் வெள்ளை வெள்ளையாகச் செழித்திருந்தது.

“அக்கா, உங்க நோஞ்சான் ஈஸ்ட்டு நம்மூரு தண்ணியக் குடிச்சுத் தேறிடுச்சுங்க,” என்றான் லாசர். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே ஈஸ்ட் மாறிப்போயிருக்க வேண்டும், அப்படியானால் இந்த ஒரு வருட வேலையும் வீண்தான் என்றார். சோதனைக் குழாயில் இருந்த மீதி ஈஸ்டைக் கொதிநீரில் கொட்டப் போனார்.

ஜெயகுமாரிக்குக் காது சுட்டது.

“அக்கா, கொட்டிடாதீங்க. தப்பு ஈஸ்ட்டு மேல இல்லீங்க. பனி வந்துச்சுங்களா, காப்பியோட சேத்து இதையும் மூடிப்போட்டேனுங்க.”

அக்கா குழாயைக் கீழே வைத்தார். “ஏன் கண்ணு, அன்னிக்கே சொல்லல?”

“நொம்ப வெக்கமாப் போச்சுங்க.”

லாசர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைச் சொறிந்தான். “பனியப் பாத்தா நானும் மூடித்தான் இருப்பேனுங்க.”

அக்கா மூச்சை நன்றாக இழுத்து விட்டார். ஒரு வருட வேலை வீணாகவில்லை. பெங்களூருக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மத்தியானம் ஆனால்தான் பனி இறங்குகிறது, அதனால் இந்த முறை காலையிலேயே வைக்கலாம் என்று ஜெயகுமாரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்கா உடனே புதுத் தட்டுகளை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எழுதினாள்:

“நாளை: காலை வெயில் ஏறியதும் தட்டுகள் இரண்டையும் களத்தில் வைக்க வேண்டும். என்ன நடந்தாலும் உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும்.”